சிம்லிங்க் ஓட்டைகள்: வகுப்பிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

வெள்ளவத்தையில் சனி, ஞாயிறு நாட்களில் கணினி வகுப்பு எடுக்கிறேன். 2025 ஏப்ரலில் விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த பிறகு, சி டிரைவில் திடீரென்று முளைத்த ஒரு வெறும் போல்டரைப் பற்றிக் கேட்டு வகுப்புப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் காலி வீதியில் கடை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரும் எனக்குப் போன் எடுத்தார்கள். அந்தப் போல்டரை விளக்க வேண்டுமென்றால் முதலில் சிம்லிங்க்கை விளக்க வேண்டும். அதை விளக்கத் தொடங்கினால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். முதல் நாலு பதிலையும் வாசித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் நல்லது, பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

சிம்லிங்க் எண்டா என்ன அக்கா? டெஸ்க்டொப்பில இருக்கிற ஷோர்ட்கட்தானே?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டும் வேறு. விண்டோஸ் ஷோர்ட்கட் என்பது "அசல் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று எழுதி வைத்த ஒரு தனிக் கோப்பு. நீங்கள் இரட்டைக் கிளிக் செய்யும்போது எக்ஸ்புளோரர் அந்தக் குறிப்பை வாசித்து உங்களை அங்கே கூட்டிப்போகிறது. வேறு ஒரு சாதாரண புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்தால் அதற்குக் கிடைப்பது அந்தச் சின்னக் குறிப்பு மட்டும்தான்.

சிம்லிங்க் இயங்குதளத்தின் அடிமட்டத்திலேயே வேலை செய்கிறது. ஒரு புரோகிராம் "கணக்கு" என்ற பெயரைத் திறக்கக் கேட்கிறது. அந்தப் பெயர் லிங்க்காக இருந்தால் இயங்குதளம் சத்தமில்லாமல் அது காட்டும் இடத்துக்குப் போய், அங்கே இருப்பதைத் திறந்து கொடுத்துவிடும். தான் வேறு இடத்துக்குத் திருப்பப்பட்டது அந்தப் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. யுனிக்ஸ் உலகில் இது 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டியோடு பரவியது. விண்டோஸில், போல்டர்களுக்கு மட்டுமான ஜங்ஷன் என்ற வகை விண்டோஸ் 2000இலும், கோப்புகளையும் காட்டக்கூடிய சிம்லிங்க் விஸ்டாவிலும் வந்தன. இங்கே லிங்க் என்று நான் சொல்வதெல்லாம் இவற்றைத்தான், இணையப் பக்கத்தில் கிளிக் செய்யும் லிங்க்கை அல்ல.

லிங்க்கை அழிச்சா அசல் பைலும் போயிடுமோ?

லிங்க்கை மட்டும் அழித்தால் லிங்க்தான் போகும், அசல் அப்படியே இருக்கும். ஆனால் லிங்க் வழியாகப் போல்டருக்குள் நுழைந்து, உள்ளே உள்ளவற்றைத் தெரிவுசெய்து அழித்தால் அசல் கோப்புகள் போய்விடும். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்திருங்கள். பின்னால் வரும் பல ஓட்டைகளுக்கு, அதாவது தாக்குகிறவர் நுழையக்கூடிய பாதுகாப்புக் குறைகளுக்கு, இதுதான் விதை.

ஆபத்தெண்டா அந்த வசதியையே எடுத்துவிடலாமே? எதுக்கு வச்சிருக்கினம்?

எடுத்தால் கணினி எழும்பாது. மக்கில் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் என்ற போல்டரே ஒரு லிங்க்தான், அசல் பிரைவேட் என்ற போல்டருக்குள் இருக்கிறது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் பின் (bin) என்ற போல்டர், யுஎஸ்ஆர் (usr) என்ற போல்டருக்குள் இருக்கும் பின்னைக் காட்டும் லிங்க். விண்டோஸில் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் "டொகுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்" என்ற பழைய பெயரைத் தேடும் என்பதால், அந்தப் பெயரில் ஒரு ஜங்ஷனை வைத்து "யூசர்ஸ்" போல்டருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். வீடு மாறிப் போனவர் பழைய விலாசத்துக் கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவது போல இது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் தேடி வருகிறவர்கள் வெறும் வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சும்மா ஒரு பெயர்தானே அது? பெயரால எப்படி ஆபத்து வரும்?

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலமான கேள்வி, ஆறுதலாகப் பார்ப்போம். ஒரு தொடர்மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். காவலாளியிடம் எல்லா வீட்டுத் திறப்பும் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் "பழைய பேப்பர்" என்ற பலகை தொங்கும் அறையைத் திறந்து, உள்ளே கிடப்பதை எல்லாம் எறிந்துவிட வேண்டும் என்பது அவருடைய வேலை. அந்தப் பலகையோ யாரும் கழற்றி மாட்டக்கூடிய இடத்தில் தொங்குகிறது. ஒருவன் அதைக் கழற்றி மூன்றாம் மாடியில் உங்கள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டால் என்ன நடக்கும்? காவலாளி நேர்மையானவர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். பலகையைப் பார்த்து உங்கள் வீட்டைத் திறந்து எல்லாவற்றையும் எறிந்துவிடுவார். பலகையை மாற்றியவனிடம் உங்கள் வீட்டுத் திறப்பு ஒருபோதும் இருந்ததில்லை.

கணினியில் அந்தக் காவலாளிகள் அப்டேட் சேவை, பிரின்ட் சேவை, ஆன்டிவைரஸ், பேக்கப் புரோகிராம் போன்றவை. விண்டோஸில் இவற்றில் பல சிஸ்டம் என்ற கணக்கில் ஓடும், லினக்ஸிலும் மக்கிலும் ரூட்டாக ஓடும். எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம். இப்படி அதிகாரம் உள்ள ஒரு புரோகிராம், அதிகாரம் இல்லாத ஒருவர் கைவைக்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஒரு பெயரை நம்பி வேலை செய்தால் ஓட்டை பிறக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டும். உங்கள் சொந்தப் போல்டரில் நீங்களே போட்ட லிங்க்கை நீங்களே திறந்தால் ஒன்றும் ஆகாது.

இது உண்மையா நடக்கிறதா, இல்லாட்டி புத்தகத்தில மட்டும் இருக்கிறதா?

நான் எழுதிய புரோகிராமாலேயே நடந்திருக்கிறது. வகுப்பில் உள்ள லினக்ஸ் கணினியில் எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுப் போல்டர் வைத்திருந்தேன். வரவுப் பதிவை ஒவ்வொரு நாளும் அந்தப் போல்டரில் ஒரே பெயரில் எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதை ரூட்டாக ஓட விட்டிருந்தேன். ஒரு மாணவன் தன் செயற்றிட்டக் கோப்பை எல்லோருக்கும் காட்ட நினைத்து, பொதுப் போல்டரில் கிடந்த அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டு, அதே பெயரில் தன் கோப்புக்கு ஒரு லிங்க் போட்டுவிட்டான். பின்னேரம் ஸ்கிரிப்ட் ஓடியது. பதிவைப் புதிதாக எழுதுவதாக எண்ணி அவனுடைய இரண்டு கிழமை வேலையை அழித்து, அதன் இடத்தில் வருகைப் பட்டியலை எழுதிவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது. ரூட் எழுதும் கோப்பை யாரும் பெயர் மாற்றக்கூடிய இடத்தில் வைத்திருந்தேன். அவன் போட்ட லிங்க் தன் கோப்புக்குப் பதிலாகக் கணினியின் கடவுச்சொல் கோப்பைக் காட்டியிருந்தால், அடுத்த நாள் ஒருவராலும் உள்நுழைந்திருக்க முடியாது. அந்தப் பதிவு இப்போது ரூட் மட்டுமே எழுதக்கூடிய போல்டரில் இருக்கிறது, மற்றவர்கள் வாசிக்கலாம்.

டெம்ப் போல்டரும் எல்லாரும் எழுதிற இடம்தானே? அங்க ஏன் இப்படி நடக்கிறதில்லை?

நிறையவே நடந்திருக்கிறது. டெம்பில் எல்லோரும் எழுதலாம், ஆனால் "ஒட்டும் பிட்" என்ற ஒரு குறி இருப்பதால் ஒருவர் வைத்த கோப்பை இன்னொருவர் நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. என் பொதுப் போல்டரில் அந்தக் குறி இருக்கவில்லை. ஆனால் கோப்பு அங்கே வருவதற்கு முன்னரே அதன் பெயரை ஊகித்து லிங்க்கைப் போட்டு வைத்தால் ஒட்டும் பிட் தடுக்காது. ஒரே மாதிரியான, ஊகிக்கக்கூடிய பெயரில் தற்காலிகக் கோப்பு எழுதிய புரோகிராம்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் மாட்டின.

2012இல் வந்த லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 3.6இல் ஒரு நல்ல தடுப்பைச் சேர்த்தார்கள். எல்லோரும் எழுதக்கூடிய, ஒட்டும் பிட் உள்ள போல்டரில் ஒரு லிங்க்கைப் பின்தொடர வேண்டுமென்றால், அதைப் பின்தொடர்கிறவரும் அதைப் போட்டவரும் ஒருவராக இருக்க வேண்டும், அல்லது போல்டரின் சொந்தக்காரரே அந்த லிங்க்கைப் போட்டிருக்க வேண்டும். இந்த ஒரு விதியால் டெம்ப் வழியான பழைய தாக்குதல்களில் பெரும்பகுதி செத்துப்போனது. ஆனால் ஒட்டும் பிட் இல்லாத இடத்தில் இந்த விதி வேலை செய்யாது. என் ஸ்கிரிப்டைக் கேர்னல் காப்பாற்றாததற்குக் காரணம் அதுதான்.

எழுதிறதுக்கு முன்னாடி லிங்க்கோ இல்லையோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு எழுதினா சரிதானே?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பார்க்கும்போது சாதாரணக் கோப்பாக இருந்தது, எழுதப் போகும்போது லிங்க்காக மாறியிருக்கலாம். காவலாளி பலகையைச் சரிபார்த்துவிட்டுத் திறப்பை எடுக்கத் திரும்பும் நேரத்தில் பலகை மாறுகிறது. பெயர் அதே பெயர்தான், அதற்குப் பின்னால் உள்ள பொருள் வேறு.

"அவ்வளவு சின்ன இடைவெளியை யார் பிடிப்பான்?" என்று கேட்பார்கள். தாக்குகிறவர் ஆயிரம் முறை முயலலாம், ஒரு முறை வென்றால் போதும். விண்டோஸில் அதிர்ஷ்டம்கூடத் தேவைப்படாமல் போவதுண்டு. ஒப்லொக் என்ற ஒரு வசதி இருக்கிறது. ஒரு கோப்பை யாராவது திறக்க வந்தால் முதலில் எனக்குச் சொல், நான் விடும்வரை அவரை நிற்க வை என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்ளும் வழி அது. வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும்போது வேகத்துக்காக வந்தது. தாக்குகிறவர் அதைக் கொண்டு பெரிய சேவையைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஆறுதலாக லிங்க்கை மாற்றிவிட்டு, பிறகு போகவிடுவார்.

ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறன், அது பிடிச்சிடும்தானே?

ஆன்டிவைரஸும் எல்லாத் திறப்பும் வைத்திருக்கும் இன்னொரு காவலாளி. அதன் வேலையை யோசித்துப் பாருங்கள்: ஒரு கோப்பைப் பரிசோதிக்கும், வைரஸ் என்று முடிவெடுக்கும், பிறகு அந்தப் பெயரில் உள்ளதை அழிக்கும். பரிசோதிப்பதற்கும் அழிப்பதற்கும் இடையில் நான் மேலே சொன்ன அதே இடைவெளி. 2020 ஏப்ரலில் ராக்911 லாப்ஸ் என்ற நிறுவனம், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் சேர்த்து 28 ஆன்டிவைரஸ் தயாரிப்புகளில் இந்த ஓட்டை இருந்ததாக வெளியிட்டது. சோதனை வைரஸ் கோப்பு ஒன்றை ஒரு போல்டரில் வைத்து, ஆன்டிவைரஸ் அதைப் பிடித்த உடனே போல்டரை வேறிடத்துக்கு லிங்க்காகத் திருப்பிவிட்டார்கள். வைரஸுக்குப் பதிலாக முக்கியமான கோப்புகள் அழிந்தன. சிலவற்றில் அந்த ஆன்டிவைரஸின் சொந்தக் கோப்புகளே அழிந்தன.

அதற்காக அதைக் கழற்றிவிடாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் திருத்தின. ஆன்டிவைரஸையும் அப்டேட் செய்ய வேண்டும், இந்த வகை ஓட்டைக்கு அது மருந்தல்ல, இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

விண்டோஸில லிங்க் போட அட்மின் வேணுமாமே? அப்ப சாதாரண ஆள் ஒண்டும் செய்யேலாது, இல்லையா?

பாதி உண்மை. சிம்லிங்க் போட அட்மின் அனுமதி வேண்டும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான டெவலப்பர் மோட் போட்டால் அட்மின் இல்லாமலும் போடலாம். தேவையில்லாமல் அதைப் போட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் ஜங்ஷனுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. எழுதக்கூடிய ஒரு வெறும் போல்டர் கையில் இருந்தால் போதும்.

ஜங்ஷன் போல்டரை மட்டும்தானே காட்டும், தனிக் கோப்பைக் காட்டாதே என்று சொல்லலாம். விண்டோஸின் உள்ளே ஒப்ஜெக்ட் மனேஜர் என்ற ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கிறது. ஜங்ஷனை அந்தப் பதிவேட்டுக்குள் திருப்பி, அங்கே சாதாரணப் பாவனையாளர் போடக்கூடிய இன்னொரு வகை லிங்க்கை வைத்தால், இரண்டும் சேர்ந்து ஒரு தனிக் கோப்பைக் காட்டும். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புரொஜெக்ட் ஸீரோ குழுவில் இருந்த ஜேம்ஸ் ஃபோர்ஷோ 2015இல் இதையெல்லாம் செய்து பார்க்கும் கருவிகளையே வெளியிட்டார். அதன் பிறகு பிரின்ட் சேவை, பாவனையாளர் கணக்குச் சேவை, இன்ஸ்டோலர் என்று ஒன்றன்பின் ஒன்றாக இதே முறையில் ஓட்டைகள் வெளிவந்தன.

சி டிரைவில ஐநெட்பப் எண்டு வெறும் போல்டர் ஒண்டு வந்திருக்கு. வைரஸோ? அழிக்கட்டோ?

அழிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஐநெட்பப் என்பது வழமையாக ஐஐஎஸ் என்ற மைக்ரோசொஃப்டின் இணைய சேவையகம் பாவிக்கும் போல்டர். 2025 ஏப்ரல் அப்டேட் அந்தச் சேவையகம் இல்லாத கணினிகளிலும் அதை உருவாக்கியது. காரணம் சிவிஇ-2025-21204 (சிவிஇ என்பது தெரியவந்த ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவிலக்கம்) என்ற ஓட்டை: அப்டேட் நடக்கும்போது லிங்க்கைப் பின்தொடர்வதால், சாதாரணக் கணக்கில் இருக்கும் ஒருவர் சிஸ்டம் அதிகாரம் பெறக்கூடிய வழி. சி டிரைவின் மேல்மட்டத்தில் சாதாரணப் பாவனையாளரும் புதிய போல்டர் உருவாக்கலாம். அந்தப் பெயரில் போல்டர் இல்லாவிட்டால் வேறு யாராவது அதை முதலில் உருவாக்கித் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸே முந்திக்கொண்டு உரிய அனுமதிகளோடு உருவாக்கிவிட்டால் இடம் பிடிபட்டுவிடும். வெறுமையாக இருப்பதுதான் அதன் வேலை.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். கன்ட்ரோல் பனலில் விண்டோஸ் வசதிகளைப் போடும், நிறுத்தும் பகுதிக்குப் போய் ஐஐஎஸ்ஸைப் போட்டால் போல்டர் சரியான அனுமதிகளோடு திரும்ப வரும். பிறகு ஐஐஎஸ்ஸை நிறுத்திவிடலாம். நீங்களே வலது கிளிக் செய்து அந்தப் பெயரில் வெறும் போல்டர் உருவாக்கினால் போதாது, அனுமதிகள் வேறாக இருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் நடந்தது. அந்தப் போல்டரின் பெயரில் ஒரு ஜங்ஷனைப் போட்டு நோட்பேட் புரோகிராமுக்குத் திருப்பிவிட்டால் அதற்குப் பிறகு அப்டேட்டே ஏறாது என்று கெவின் போமொன்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார். லிங்க் ஓட்டையை மூட வந்த திருத்தத்தையே லிங்க் கொண்டு தடுக்க முடிந்தது. ஒரு பெயரைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு பைலை அழிக்கத்தானே ஏலும்? அதால மெஷினைப் பிடிக்கேலாதே?

பிடிக்கலாம். 2022இல் இது விளக்கமாக வெளியானது. விண்டோஸில் ஏதாவது நிறுவும்போது, பாதியில் குழம்பினால் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான கட்டளைகளை இன்ஸ்டோலர் சேவை கொன்ஃபிக் எம்எஸ்ஐ என்ற மறைந்த போல்டரில் வைக்கும். சாதாரணப் பாவனையாளர் அதைத் தொட முடியாது. ஆனால் வேறொரு சேவையின் லிங்க் ஓட்டையால் அந்தப் போல்டரை அழிக்க வைத்துவிட்டால், அதே பெயரில் தன் போல்டரை உருவாக்கிப் பொய்யான கட்டளைகளை உள்ளே வைக்கலாம். இன்ஸ்டோலர் அவற்றைச் சிஸ்டம் அதிகாரத்தோடு நிறைவேற்றும்.

2025 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் திருத்திய சிவிஇ-2025-21391 இப்படி அழிக்க மட்டும் வழி கொடுத்த ஒரு லிங்க் ஓட்டை. திருத்தம் வருவதற்கு முன்னரே அதைத் தாக்குதல்களில் பாவித்திருந்தார்கள்.

நான் மக் பாவிக்கிறன். எனக்கு ஒண்டுமில்லைதானே?

மக்கிலும் உண்டு. 2019 மே மாதம், சிப் கோப்புக்குள் ஒரு சிம்லிங்க்கை வைத்து, அது தாக்குகிறவரின் தொலைதூரச் சேவையகத்தைக் காட்டும்படி செய்தால் இறக்கிய புரோகிராம்களைச் சரிபார்க்கும் மக்கின் கேட்கீப்பர் வசதியின் எச்சரிக்கையே இல்லாமல் புரோகிராம் ஓடும் என்று ஒருவர் காட்டினார். தொலைதூரப் போல்டர்களை நம்பிக்கையான இடமாகக் கேட்கீப்பர் கருதியது, லிங்க் அந்த நம்பிக்கைக்குள் நுழைந்துவிட்டது.

2024இல் இன்னொன்று, சிவிஇ-2024-44131. நீங்கள் கோப்புகளை நகர்த்தும்போதோ பிரதி எடுக்கும்போதோ, பின்னால் ஓடும் ஒரு தீய செயலி பாதையின் (கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் போல்டர் பெயர்த் தொடரின்) நடுவில் லிங்க்கைச் செருகிவிடும். அதிகாரமுள்ள கோப்புச் சேவை உங்கள் கோப்புகளை அந்தச் செயலி எடுக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். "இந்தச் செயலிக்கு அனுமதி கொடுக்கவா?" என்ற கேள்வி திரையில் வரவே வராது. மக்ஓஎஸ் 15, ஐஓஎஸ் 18 இரண்டிலும் திருத்தியிருக்கிறார்கள்.

லினக்ஸ்காரருக்கு?

டெம்ப் பற்றிய பதிலில் சொன்ன தடுப்பு பெரிய பலம், ஆனால் முழுமையல்ல. செயலிகளைக் கணினியின் மற்றக் கோப்புகளிலிருந்து பிரித்து ஒரு கூண்டுக்குள் ஓட்டும் ஃபிளட்பெக்கில் 2024 ஓகஸ்டில் ஒரு ஓட்டை திருத்தப்பட்டது: நிரந்தரமாக வைக்க ஒதுக்கிய போல்டரை உள்ளே இருக்கும் செயலி லிங்க்காக மாற்றிவிட்டால், கூண்டுக்கு வெளியே உள்ள கோப்புகள் அதன் கைக்கு வந்துவிடும்.

சிப் பைலைப் பிரிச்சாலே மாட்டுவமா?

பழைய மென்பொருளாக இருந்தால் மாட்டலாம். தந்திரம் எளிமையானது. சிப்புக்குள் முதலில் "படங்கள்" என்று ஒரு லிங்க், அது உங்கள் கணினியின் வேறொரு போல்டரைக் காட்டும். அடுத்து "படங்கள்" என்பதற்குள் ஒரு கோப்பு. பிரிக்கும் மென்பொருள் முதலில் லிங்க்கை உருவாக்கும், பிறகு கோப்பை அதன் வழியாக எழுதும். கோப்பு நீங்கள் பிரித்த போல்டரில் விழாமல் வேறெங்கோ போய் விழும். 2022இல், ரார் கோப்புகளைப் பிரிக்கும் லினக்ஸின் அன்ரார் இப்படி மாட்டியது: லிங்க் எங்கே காட்டுகிறது என்று முதலில் சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பாதையில் இருந்த பின்சாய்வுக் கோடுகளை முன்சாய்வாக மாற்றியது. சரிபார்த்தது ஒரு பாதை, எழுதியது இன்னொரு பாதை. அதை வைத்து சிம்ப்ரா மின்னஞ்சல் சேவையகங்களை உடைத்தார்கள்.

சிப் போன்ற கோப்புகளைப் பிரிக்கும் செவன்சிப் மென்பொருளிலும் 2025இல் லிங்க் ஓட்டைகள் திருத்தப்பட்டன. விண்டோஸில் அவை வேலை செய்ய அட்மினாகவோ டெவலப்பர் மோடிலோ பிரிக்க வேண்டும், லினக்ஸில் அந்தத் தடை இல்லை. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. செவன்சிப் தன்னைத் தானே அப்டேட் செய்யாது. கடையில் கணினி வாங்கும்போது ஒரு பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுப்பார்கள், ஐந்து வருடம் அதே பதிப்பு கிடக்கும். வகுப்புக்கு வரும் லேப்டொப்களில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 25.01க்கு முந்தையது இருந்தால் இன்றைக்கே புதியதை இறக்கிப் போடுங்கள்.

கம்பஸ் புரொஜெக்டுக்கு கிட்டில குளோன் எடுக்கிறன். அதில என்ன பிரச்சினை வரப்போகுது?

கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அந்தப் பதிவுத் தொகுப்பு களஞ்சியம், அதைப் பிரதி எடுப்பது குளோன். 2024 மே மாதம் கிட் 2.45.1 வந்தது, சிவிஇ-2024-32002 என்ற ஓட்டையை மூட. துணைக் களஞ்சியங்களோடு சேர்த்துக் குளோன் எடுத்தாலே, வேறொன்றும் செய்யாமல், தாக்குகிறவரின் கட்டளை உங்கள் கணினியில் ஓடும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் விண்டோஸும் மக்கும் கோப்புப் பெயர்களில் வழமையாக அதைப் பொருட்படுத்துவதில்லை. பெரிய ஏயில் தொடங்கும் போல்டரும் சின்ன ஏ என்ற லிங்க்கும் கிட்டின் கணக்கில் இரண்டு, உங்கள் டிஸ்க்கில் ஒன்று. போல்டருக்குள் எழுதுவதாக நினைத்துக் கிட் லிங்க் வழியாகத் தன் சொந்த உள்போல்டருக்குள் எழுதிவிடும். அங்கே விழும் கோப்பைக் குளோன் முடியும்போது தானே ஓட்டியும் விடும். உங்கள் கிட் அதைவிடப் பழையதென்றால் மாற்றுங்கள். முன்பின் தெரியாதவரின் களஞ்சியத்தை ஒரு தனி விர்ச்சுவல் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியில்) குளோன் எடுங்கள்.

இதுக்கெல்லாம் முதல் அவன் என்ர மெஷினுக்குள்ள வந்திருக்கவேணுமே?

சிப், கிட் இரண்டையும் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆம். ஆனால் உள்ளே வருவதென்றால் உங்கள் கதிரையில் வந்து இருப்பது அல்ல. நீங்கள் இறக்கிய ஒரு கள்ள மென்பொருள் உங்கள் சாதாரணக் கணக்கில் ஓடினாலே அவன் உள்ளேதான். அந்த நிலையில் அவனால் உங்கள் கோப்புகளை மட்டும் தொடலாம். லிங்க் ஓட்டை அவனைச் சிஸ்டம் வரை ஏற்றிவிடும் ஏணி. அங்கே ஏறிவிட்டால் ஆன்டிவைரஸை நிறுத்தலாம், அதே கணினியில் மற்றவர்களின் கணக்குகளையும் எடுக்கலாம்.

கொமியூனிகேஷன் கடை, அலுவலகம், பாடசாலை ஆய்வுகூடம் என்று பலர் பாவிக்கும் கணினிகளுக்கு இது இன்னும் நெருக்கமான ஆபத்து. அங்கே உள்ளே வருவதற்கு அனுமதி தேவையே இல்லை.

சரி, வீட்டில நான் என்ன செய்யவேணும்? சுருக்கமாச் சொல்லுங்கோ.

அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். டேட்டா முடிந்துவிடும் என்று பலர் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். இரவு நேர டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் ஏற விடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. நீட்டிப்புக்குப் பதியாமல் அதைப் பாவிக்கிறவர்களுக்குப் புதிதாக வரும் லிங்க் ஓட்டைகளுக்குத் திருத்தம் வராது.

அன்றாட வேலைக்கு அட்மின் இல்லாத ஒரு கணக்கு வைத்திருங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. லினக்ஸில் பொதுப் போல்டர் வைப்பதென்றால் ஒட்டும் பிட்டைப் போடுங்கள். என் மாணவனின் இரண்டு கிழமை வேலை அழிந்தது அந்த ஒரு பிட் இல்லாததால்தான்.

நான் கோட் எழுதுறன். இதை எப்படித் தவிர்க்கிறது?

பெயரை ஒரு முறைதான் நம்ப வேண்டும். கோப்பைத் திறந்து, இயங்குதளம் தரும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் யார், அளவு என்ன, அது எந்த வகை என்பதையெல்லாம் அந்தக் கைப்பிடியிடம் கேளுங்கள், எழுதுவதும் அதன் வழியாகவே நடக்கட்டும். திரும்பப் பெயரைச் சொல்லித் திறக்காதீர்கள். பெயர் மாறலாம், கைப்பிடி மாறாது.

திறக்கும்போது லிங்க்கைப் பின்தொடராதே என்று சொல்லும் ஓ-நோஃபொலோ கொடியை எல்லோரும் பாவிக்கச் சொல்வார்கள். அது பாதையின் கடைசிப் பெயரை மட்டுமே காக்கும். நடுவில் உள்ள ஒரு போல்டர் லிங்க்காக இருந்தால் பேசாமல் போய்விடும். 2020இல் லினக்ஸ் 5.6இல் வந்த ஓப்பன்-அட்-2 அழைப்பில் முழுப் பாதையிலும் லிங்க்கை மறுக்கவும், குறித்த போல்டருக்குக் கீழேயே நிற்கச் சொல்லவும் வழி இருக்கிறது. தற்காலிகக் கோப்புக்குப் பெயரை நீங்களே கட்டாதீர்கள், ஊகிக்க முடியாத பெயரில் கோப்பை உருவாக்கித் தரும் எம்கே-எஸ்டெம்ப் போன்ற, மொழி தரும் வசதியைப் பாவியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாவனையாளரின் போல்டரில் வேலை செய்யும்போது அவருடைய அதிகாரத்துக்கு இறங்கிச் செய்யுங்கள். காவலாளி திறப்புக் கோர்வையைக் கீழே வைத்துவிட்டுப் போனால் பலகை எங்கே காட்டினாலும் அந்தக் கதவு திறக்காது.

பைதன் மொழியில் தார் கோப்பு (சிப் போன்ற இன்னொரு தொகுப்புக் கோப்பு) பிரிக்கிறவர்களுக்கு: பைதனின் தார் பிரிக்கும் வசதியில் உள்ள ஓட்டை 2007இலேயே பதிவானது. பதிப்பு 3.12இல் ஆபத்தானவற்றைத் தடுக்கும் வடிகட்டி வந்தது, 3.14இல் அது தானாகவே போடப்பட்டிருக்கிறது. 2025 ஜூனில் அந்த வடிகட்டியையும் லிங்க் கொண்டு தாண்டும் வழி ஒன்று திருத்தப்பட்டது. ஆகவே வடிகட்டி இருக்கிறது என்று பழைய பைதனில் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

மைக்ரோசொஃப்ட் இதை ஒரேயடியா மூடமாட்டினமோ?

முயற்சி நடக்கிறது. விண்டோஸ் 11இல் ரிடைரெக்ஷன் கார்ட் என்ற தடுப்பு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்ட சேவை, அட்மின் அல்லாத ஒருவர் போட்ட ஜங்ஷனைப் பின்தொடர மறுக்கும். டெம்புக்கு லினக்ஸ் 2012இல் கொண்டுவந்த விதியின் சிந்தனையும் இதுதான்: லிங்க்கைப் போட்டது யார் என்று பார். ஒவ்வொரு சேவையும் தனித்தனியாக அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் மெல்ல மெல்லத்தான் பரவுகிறது. நான் பார்த்த திருத்தங்களில் எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது இதுதான். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்த காலத்தில் ஒரே சேவை திரும்பத் திரும்ப மாட்டியது.

நான் ஒரு மென்பொருளில இப்படி ஒண்டைக் கண்டுபிடிச்சா யாருக்குச் சொல்றது?

முதலில் அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு, அவர்களின் பாதுகாப்பு முகவரிக்கு, எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாக எழுதி அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை பகிரங்கமாகப் போடாதீர்கள். அது உள்ளூர் மென்பொருளாக இருந்து பதிலே வராவிட்டால், நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரங்களைக் கவனிக்கும் ஸ்ரீ லங்கா சேர்ட்டுக்கு அறிவிக்கலாம்.

பரீட்சித்துப் பார்ப்பது உங்கள் சொந்தக் கணினியில், அதிலும் ஒரு விர்ச்சுவல் கணினிக்குள் மட்டும் இருக்கட்டும். அலுவலகக் கணினியிலோ கம்பஸ் ஆய்வுகூடத்திலோ அனுமதியின்றிச் செய்து பார்த்தால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகலாம். ஆர்வத்தில் செய்தேன் என்று சொன்னாலும் அங்கே எடுபடாது. வகுப்புக்கு வருகிறவர்களுக்கு என் பழைய கணினியில் இதற்கென்றே ஒரு லினக்ஸ் வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன்.